காத்திருக்கச் சொன்ன கடிதம்

ஆதித் திருச்சபைக்குத் தனிக் கட்டடம் கிடையாது. விசுவாசிகள் வீடுகளிலேயே கூடினார்கள்.

கிரேக்க நாட்டின் வணிக நகரமான கொரிந்துவில் அப்படியொரு சபை. அங்கே பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். அவரைத் தங்கவைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியும் வெளியூர்க்காரர்களே. கி.பி. 49-ஐ ஒட்டி, யூதரை ரோமைவிட்டுப் போகச் சொன்னார் கிளாடியஸ் பேரரசர். அதனால் வந்து சேர்ந்தவர்கள்.

சபையார் ஒன்றாக உண்பது வழக்கம். ஆனால் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார்கள். சிலர் குடித்து மயங்கினார்கள். இல்லாதவர்களுக்குப் பட்டினி. அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடித்துத் தாமதமாக வந்திருக்கலாம் என்பார்கள் அறிஞர்கள்.

கி.பி. 55 வாக்கில் பவுல் கண்டித்து எழுதினார். ஏழையை வெட்கப்படுத்தும் பந்தியை ஆண்டவருடைய பந்தியாக அவர் ஏற்கவில்லை. எல்லோரும் வந்து சேரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டு முடித்து, பஸ் பிடித்து ஜெபக்கூட்டத்துக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. அதற்குள் ஜெபம் முடிந்து, டீயும் தீர்ந்திருக்கும். அவர்களுக்கென்று ஒரு தம்ளர் எடுத்துவைக்கலாம். அவர்கள் கவலையைக் கேட்டு, இன்னொரு முறை ஜெபிக்கலாம். கடைசி ஆளுக்கும் இலை போட்டாயிற்றா என்று பார்க்கிற சபையில்தான் பவுலின் கடிதம் இன்னும் வாசிக்கப்படுகிறது.