கெண்டைக்கால் சதை பிடிக்கும், இதயம் ஏன் பிடிப்பதில்லை?

ராத்திரி தூக்கத்துல கெண்டைக்கால் சதை பிடிச்சு இழுக்கும் இல்லையா? இதயமும் தசைதானே, அது ஏன் அப்படிப் பிடிச்சுக்கிறதில்லைன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார்.

எல்லாம் நேரக் கணக்குதான். கால் தசையில் ஒரு மின் சிக்னல் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். தசை சுருங்கித் தளர அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். தளர்றதுக்குள்ள அடுத்தடுத்து சிக்னல் வந்தா, தசை இறுகியே நிக்கும். தண்ணி கேனைத் தூக்கிப் பிடிக்க இதுதான் உதவுது. நரம்பு நம்மைக் கேட்காமலே அப்படி அனுப்பினா, அதுதான் பிடிப்பு.

இதயத்தின் கீழறைத் தசையில் ஒரு சிக்னலே சுமார் 250 மில்லிசெகண்ட் நீடிக்கும். செல்லுக்குள்ள நுழையற கால்சியம் அதை நீட்டிப் பிடிக்குது. அது முடியற வரைக்கும் இன்னொரு சிக்னலை இதயம் ஏத்துக்காது. அதுக்குள்ள தசை தளர ஆரம்பிச்சிடும். அந்தத் தளர்வில்தான் ரத்தம் நிறையும். இறுகியே நின்னா, பம்ப் பண்ண ரத்தமே இருக்காது.

அதனால ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். நெஞ்சை அழுத்துற மாதிரி வலி வந்தா, 'சதைப் பிடிப்பு'ன்னு நினைச்சுப் படுத்துடாதீங்க. இதயத் தசைக்கு ரத்தம் போதலைங்கிற எச்சரிக்கையா இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்க.