மலையேறும் கால்கள் – 9: காபியை எங்கே குடிப்பது?

புரட்டாசி சனிக்கிழமைக்கு முந்தைய இரவு, அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் சி.டி.எச். ரோட்டில் திருப்பதி வேன்கள் அடுத்தடுத்துக் கிளம்பும். ஏறும் முன் ஒரு காபி, திருவள்ளூர் தாண்டி ஒன்று, திருத்தணியில் இன்னொன்று. திருமலை அடிவாரமான அலிபிரியில் இறங்கும்போது காபி ஆசை தீர்ந்திருக்கும். 3,550 படிகள் மட்டும் பாக்கியிருக்கும்.

காபி காலுக்குத் தெம்பு தருமா? தரும். 1978-இல் அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் காஸ்டில் குழுவினர் 9 சைக்கிள் வீரர்களைச் சோதித்தார்கள். கஃபீன் நீக்கிய காபியைக் குடித்தபோது சுமார் 75 நிமிடம் தாக்குப்பிடித்தவர்கள், 330 மில்லிகிராம் கஃபீன் உள்ள காபியைக் குடித்துவிட்டு 90 நிமிடம் ஓட்டினார்கள். மூளைக்கு அலுப்பை உணர்த்தும் அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடங்களில் கஃபீன் முந்திக்கொண்டு ஒட்டிவிடுகிறது. களைப்பு இருந்தும் அவ்வளவாக உறைப்பதில்லை.

அளவுதான் சிக்கல். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமாவது, உழைப்பு தொடங்க ஒரு மணி நேரம் முன்பு உள்ளே போகவேண்டும் என்கிறது விளையாட்டு மருத்துவம். 60 கிலோ ஆளுக்கு அது 180 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கில் 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 வரை இருக்கும். கடை டம்ளரிலோ பெரும்பகுதி பால். தூளில் சிக்கரி வேறு. அதில் கஃபீன் துளியும் கிடையாது. கலவைத் தூளில் காபி 51 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும்.

நேரமும் இடிக்கிறது. உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஆவடியில் இரவு 11 மணிக்குக் குடித்தது விடியற்காலை 4 மணிக்குப் பாதிதான் மிச்சமிருக்கும். வேனில் போட்டிருக்கக்கூடிய குட்டித் தூக்கத்தையும் கெடுத்திருக்கும். ஆவடி காபியை விட்டுவிட்டு, படியேற ஒரு மணி நேரம் முன்பு அலிபிரி அடிவாரத்தில் குடிப்பதே கணக்குக்குச் சரி. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டக்கூடாது. மற்றவர்களுக்கும் நாளைக்கு 300 மில்லிகிராம்தான் ஐ.சி.எம்.ஆர். வகுத்த எல்லை.

காபி குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும் என்ற பயம் வேண்டாம். 2014-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வில், காபிப் பழக்கமுள்ள 50 ஆண்கள் தினம் 4 கோப்பை குடித்தும் நீர்ச்சத்து குறையவில்லை.

ஆனால் காபி களைப்பை மறைக்குமே தவிர, அடுப்புக்கு விறகு வேறு. நீண்ட உழைப்பில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. காபியில் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை சுமார் 10 கிராம்தான். ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் தரும். கூடவே கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர். அலிபிரிப் படிவழியில் காலி கோபுரம் வரை செங்குத்து, அதன்பின் கொஞ்சம் சமதளம். தின்ன வேண்டிய இடம் அந்தச் சமதளம்தான். ஏனென்றால், தசையில் மாவுச்சத்து இருப்பு கரைந்த கடைசிக் கட்டத்தில்தான் முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்துப் படிகள் காத்திருக்கின்றன.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஏறும்போது வலிக்காத முழங்கால், இறங்கும்போது ஏன் வலிக்கிறது?