மணல் காத்த கப்பல்

வெப்பக் கடலில் மூழ்கிய மரக்கப்பல் அதிக காலம் தாங்காது. கப்பல் புழு அதைச் சல்லடையாகத் துளைத்துவிடும். பெயரில்தான் புழு, உண்மையில் அது மட்டி இனம். அதன் ஓடு சிறுத்து, முகப்பில் மரத்தை அராவும் கருவியாக மாறியிருக்கிறது. அராவிய தூளைச் செரிக்க அதன் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் கைகொடுக்கின்றன.

அப்படியிருந்தும், இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659-இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டெர் கப்பலின் அடிப்பாகம் மிஞ்சியிருக்கிறது. ஆங்கிலேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றிய கப்பல் அது. தென்னிந்தியக் கரைக்குப் பாக்கு ஏற்றுவதற்காகத் துறைமுகத்தில் நின்றபோது, ஜூலை 2 அன்று நங்கூரப்பிடி நழுவித் தரைதட்டியது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில் இன்றும் கிடக்கிறது.

காத்தது மணல். கப்பல் புழுவுக்கும் மூச்சு வேண்டும். மணல் மூடிய இடத்தில் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோகும். புழுவும் பூஞ்சையும் அங்கே பிழைக்க முடியாது. ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் மட்டும் மரத்தின் செல்லுலோசை மிக மெதுவாக அரிக்கும். மரத்தின் இன்னொரு பகுதியான லிக்னின் மட்டும் கூடாக நிற்கும். காலியான இடங்களில் நீர் நிறையும். வெளிப்பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும் மரத்தை உண்மையில் தாங்கி நிற்பது அந்த நீர்தான்.

ஆகவே கரையேற்றுவதே ஆபத்து. வெயிலில் உலர்த்தினால், வெளியேறும் நீரின் மேற்பரப்பு இழுவிசை மெலிந்த செல்சுவர்களை உள்ளிழுத்து நொறுக்கிவிடும். முதலில் உப்பு நீங்க நன்னீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளை நீரின் இடத்தில் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். பெரிய மரங்களுக்கு இது பல ஆண்டு வேலை.

2001 முதல் காலியில் அகழாய்வு செய்தவர்கள் கயிறுகள், கப்பிகள், மட்பாண்டங்கள் எனப் பலவற்றை மீட்டார்கள். 2004 டிசம்பரில் வந்த சுனாமி அவர்களுடைய கரையோர ஆய்வுக்கூடத்தை அழித்தது. மீட்ட பொருள்களில் பலவும் போயின.

ஆனால் கப்பலின் உடலை அவர்கள் மேலே தூக்கவில்லை. மணல் விலகிய பகுதிகளின்மேல் வலை விரித்தார்கள். வலைக்கண்ணில் நீரோட்டத்தின் வேகம் தணியும். நீர் சுமந்து வரும் மணல் உள்ளே உதிர்ந்து மேடிடும். பல நூற்றாண்டு செய்த வேலையைக் கடலே தொடர்வதற்கு வழிவிடுவதுதான், இத்தகைய கப்பலுக்குப் பெரும்பாலும் மலிவான, பத்திரமான காவல்.