கிணற்றடியில் வியர்வை குடிக்க வரும் விருந்தாளி

பங்குனி, சித்திரை வெயிலில் ஊர்காவற்றுறைப் பக்கத்து வளவொன்றில், கிணற்றடியில் நின்று துணி அலம்பிய சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முழங்கைக்குக் கீழே வியர்வை வழிகிறது. சின்னஞ்சிறு ஈயைப் போன்ற ஒன்று வந்து கையில் உட்காருகிறது. ஊதினால் எழும்பி, மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறது. கடிக்கவில்லை, நக்குவது போல ஒரு கூச்சம் மட்டுந்தான். பொறுமையிழந்து ஓர் அடி போடுகிறீர்கள். சுருக்கென்று ஊசி முனை பட்டது போல ஒரு வலி. இரண்டு நிமிடத்தில் அதுவும் மறந்து போகிறது.

அடிபட்டு விழுந்ததை ஈ என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். உற்றுப் பாருங்கள். ஈக்கு இறக்கை இரண்டு, இதற்கு நான்கு. பின்னங்காலில் மெல்லிய மயிர்கள் அடர்ந்திருக்கும். அதில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தாலும் இருக்கும். அந்தப் பொடி பூவின் மகரந்தம். ஆம், நீங்கள் அடித்தது ஒரு தேனீயை! இதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரே வியர்வைத் தேனீ என்பதுதான்.

தேனீ என்றதும் நம் எண்ணம் தேன் போத்தலுக்கே போகிறது. திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கி நிற்பதால், நம் வீடுகளில் தேனுக்குத் தனி மரியாதையும் உண்டு. ஆனால் இலங்கையில் அறியப்பட்டுள்ள சுமார் 150 தேனீ இனங்களில் நமக்குத் தேன் தருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: பெட்டியில் வளர்க்கும் தேனீ, உயர்ந்த மரங்களில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ, சிறு கிளையில் ஒற்றை அடை தொங்கவிடும் கொம்புத்தேனீ, சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும் கொசுத்தேனீ. மற்றவை எல்லாம் தேன் சேமிக்காதவை. அடை கட்டுவதில்லை, கூட்டமாகத் துரத்துவதும் இல்லை. ஆகவே அவற்றுக்கு நம் பேச்சில் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

பெயர் கிடைக்காத அந்தப் பெருங்கூட்டத்தில் முக்கியமான ஒரு குடும்பந்தான் வியர்வைத் தேனீக்கள். உலகெங்கும் 4,500க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. கறுப்பு, மண்ணிறம், செம்பு, பச்சை மரகதம் போல மின்னுவது என்று நிறங்களும் பல. நெல்மணியை விடச் சிறியதும் உண்டு, வீட்டுத் தேனீயின் அளவை எட்டுவதும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் குரோம்பைன் குழுவினர் நம் நாடெங்கும் பூச்சிகளைச் சேகரித்தார்கள். பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இனோக்கா கருணாரத்ன, ஜயந்தி எதிரிசிங்க என்ற இரு பெண் பேராசிரியைகள் இலங்கைத் தேனீக்களின் பட்டியலை ஒழுங்குபடுத்தினார்கள். இக்குடும்பத்தின் மிகச் சிறிய தேனீக்களைக் கொண்ட ஒரு பேரினத்துக்கு நம் நாட்டின் பழைய பெயரையே ஒட்டி 'சீலாலிக்டஸ்' என்று 1913இல் பெயர் சூட்டப்பட்டது. சிலோன் என்ற பெயர் தேயிலையில் மட்டுமா ஒட்டிக்கொண்டிருக்கிறது!

வியர்வையில் அப்படி என்ன இருக்கிறது?

உப்பு. பூவின் தேனில் இனிப்பு நிறைய உண்டு. உப்போ மிகக் குறைவு. நம்மைப் போலவே பூச்சியின் உடலுக்கும் உப்பு வேண்டும். அதோடு வறண்ட காலத்தில் ஈரமும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில், நம் தோலில் கிடைக்கின்றன. இதற்காகத்தான் அந்த வருகை. குடும்பம் முழுவதற்கும் இப்பெயர் வழங்கினாலும், எல்லா இனங்களும் வியர்வை தேடி வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொசுத்தேனீயும் சில வேளை வியர்வைக்கு வரும். அதற்குக் கொட்டத் தெரியாது. சுருக்கென்று குத்தினால் வந்தது கொசுத்தேனீ அல்ல என்று அறிந்துகொள்ளலாம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரலில் தாய்வானிலிருந்து ஒரு செய்தி வந்தது. உறவினரின் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் கண்ணில் ஏதோ விழுந்தது. மண் என்று நினைத்துத் தண்ணீரால் கழுவினாள். கண் வீங்கி, நீர் வடிந்துகொண்டே இருந்தது. மருத்துவமனையில் டாக்டர் நுண்ணோக்கியால் பார்த்தபோது இமைக்கடியில் சிறு கால்கள் அசைந்தன. மெதுவாக வெளியே இழுத்தால், ஒன்றல்ல, நான்கு வியர்வைத் தேனீக்கள், உயிரோடு! கண்ணீரின் உப்பு அவற்றுக்கு உணவாகியிருந்தது. அவள் கண்வில்லை அணிந்திருந்ததால் கண்ணைக் கசக்கவில்லை. அதுவே பார்வையைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். இது வெகு அபூர்வமாக நிகழ்ந்த ஒன்று, யாரும் பயப்பட வேண்டாம். ஆனாலும் வளவில் புல் பிடுங்கும்போது கண்ணில் ஏதாவது விழுந்தால் கசக்காமல் கழுவும் பழக்கம் எல்லாருக்கும் நல்லது.

முற்றத்துக்குக் கீழே ஒரு வீடு

இந்தத் தேனீ எங்கே குடியிருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் நாம் தினமும் கூட்டும் முற்றத்துக்கு அடியில்தான். வெயில் படும், புல் அடராத வெறும் நிலம் அதற்குப் பிடிக்கும். வேலியோரம், ஒற்றையடிப் பாதை, மணல் கலந்த கட்டாந்தரை போன்ற இடங்களில் சிறு மண்குவியலும் அதன் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துவாரமும் தெரியும். எறும்புப் புற்று என்று எண்ணிக் கொதிநீரை ஊற்றுவோரும் உண்டு, மண்ணெண்ணெய் விடுவோரும் உண்டு. சற்றுப் பொறுத்துப் பாருங்கள். எறும்பானால் வரிசை வரிசையாகப் போய்வரும். இங்கோ ஒரேயொரு சிறு தலை துவாரத்தை அடைத்தாற்போல எட்டிப் பார்க்கும். உங்கள் நிழல் விழுந்ததும் உள்ளே போய்விடும். பிள்ளைகள் விளையாடும் குழியானையின் குழியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உள்நோக்கிச் சரிந்த பள்ளம், இது மேலெழும்பிய குவியல்.

அந்தத் துவாரத்திலிருந்து கீழே ஒரு சுரங்கம் இறங்குகிறது. ஒரு சாண், ஒரு முழம், சில இனங்களில் அதைவிடவும் ஆழம். தோண்டுவது முழுவதும் பெண்தான். ஆணுக்கு அந்த வேலையில் பங்கே இல்லை. (சிரிக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.) சுரங்கத்தின் பக்கங்களில் சிறுசிறு அறைகள். ஒவ்வோர் அறையின் சுவரையும் தன் உடலின் பின்பகுதியால் தட்டி வழவழப்பாக்கி, உடலில் சுரக்கும் ஒரு திரவத்தை அதன் மேல் பூசுகிறாள். அது காய்ந்தால் மெழுகு பூசினாற்போல ஈரம் புகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றமே குளமாகும் நம் தீவுப்பகுதியில் அந்தப் பூச்சு எவ்வளவு அவசியம் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பூப்பூவாகப் போய் மகரந்தம் கொண்டு வருகிறாள். சிறிது தேன் விட்டுப் பிசைந்து, மிளகளவு உருண்டையாக்கி, அதன் மேல் வளைந்த ஒரு முட்டை இட்டு, அறையை மண்ணால் மூடிவிடுகிறாள். ஒரு பிள்ளைக்கு ஓர் அறை, ஓர் உருண்டை. முட்டையிலிருந்து புழு வந்து, உருண்டையைத் தின்று வளர்ந்து, இறக்கை முளைத்து மண்ணைத் துளைத்து வெளியே வரும்.

இக்குடும்பத்தின் வாழ்க்கை முறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் விஞ்ஞானிகளை மிகவும் கவர்ந்திருக்கிறது. சில இனங்களில் ஒவ்வொரு பெண்ணும் தனிக்குடித்தனம். சிலவற்றில் ஒரே வாசலைப் பல பெண்கள் பாவித்து, உள்ளே தத்தம் அறையைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலவற்றில் தாய் ராணியாக இருக்க, மகள்மார் உழைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஓர் இனம் குளிர் மிகுந்த ஊரில் தனித்து வாழும். வெப்பமான ஊரில் கூட்டுக் குடும்பமாகிவிடும். பிரித்தானியத் தீவுகளின் வடக்கிலிருந்து தெற்குக்கு அதைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். தனித்து வாழ்ந்தவற்றின் குடும்பத்தில் அங்கே உதவிக்கு மகள்மார் தோன்றினார்கள்! 2010இல் அந்த ஆய்வு வெளியானது. தென்னமெரிக்கப் பக்கத்தில் இரவில் மட்டும் பறக்கும் இனமும் உண்டு. எங்கும் சோம்பேறிகள் இல்லாமல் போவார்களா? வயிறு சிவந்த ஒரு வகை, தான் தோண்டாமல், அடுத்தவள் வீட்டில் புகுந்து, அவள் சேர்த்த உருண்டையில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். அந்த வகை இலங்கையிலும் இருக்கிறது.

கத்தரிக்காய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் விஷயம் நம் அடுப்படிக்கு வருகிறது. கத்தரிப் பூ ஒன்றைப் பறித்துப் பாருங்கள். நடுவே மஞ்சள் நிறக் குழல்கள் ஒன்றுசேர்ந்து நிற்கும். மகரந்தம் அவற்றுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியேற நுனியில் ஊசித்துவாரம் மட்டுமே. மூடியில் ஓட்டை போட்ட உப்புப் போத்தல் மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும்.

அதைக் குலுக்க வீட்டுத் தேனீக்குத் தெரியாது. சில வியர்வைத் தேனீக்களுக்கும், நீலப் பட்டி போட்ட தேனீ, துளைவண்டு போன்ற வேறு சிலவற்றுக்கும் அந்தக் கலை தெரியும். குழல்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும். காலை நேரத்தில் கத்தரிப் பாத்தி அருகே காதைக் கொடுத்தால் 'ங்ங்' என்று விட்டுவிட்டு ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாகக் கொட்டும். ஹொப்லோனோமியா என்ற வகையை அடையாளம் காண்பது எளிது. வயிற்றின் மேல் நீலப்பச்சையாக மின்னும் பட்டிகள் இருக்கும். தென்னிந்தியாவிலும் நம் நாட்டிலும் அது உண்டு. காற்றசைவிலும் கத்தரி ஓரளவு காய்க்கத்தான் செய்யும். ஆனால் இப்படிப்பட்ட தேனீக்கள் வந்துபோகும் பாத்தியில் காய் கூடுதலாகப் பிடிக்கும், பெரிதாகவும் வரும். தக்காளிப் பூவின் கதையும் இதுவே.

உவர்மண் ஒரு குறையா?

'எங்கள் மண் உவர், கிணறும் உவர், இங்கே என்ன வாழும்?' என்று தீவுப்பகுதிப் பெண்கள் சலித்துக்கொள்வது வழக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டூஷே என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. கால்நடைத் தீவனமான குதிரைமசாலை அங்கே விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதன் பூ திறக்கும்போது தேனீயின் தலையில் ஓர் அடி விழும். வீட்டுத் தேனீ அதைத் தவிர்த்துவிடும். உவர்நிலத்தில் மட்டும் குடியிருக்கும் ஒரு வியர்வைத் தேனீயோ பொருட்படுத்தாது. எனவே அங்குள்ள விவசாயிகள் அதற்கென்றே நிலம் ஒதுக்கி, அடியில் குழாய் பதித்து ஈரம் கொடுத்து, மேலே உப்புத் தூவிப் பராமரிக்கிறார்கள். 2008இல் வெளியான ஆய்வொன்று, அந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெண் தேனீக்கள் கூடு கட்டுவதாக மதிப்பிட்டது. அவை பறக்கும் பருவத்தில் வாகனங்கள் மெதுவாகப் போக வேண்டும் என்று வீதியில் அறிவிப்புப் பலகையும் உண்டு! உப்பைக் காசு கொடுத்து வாங்கி மண்ணில் தூவுகிறார்கள்; நமக்கோ அது கடலோரத்தில் சும்மா கிடைத்திருக்கிறது.

நம் பக்கம் நடப்பதைப் பாருங்கள். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதாலும், போர்க்கால இடப்பெயர்வுகளாலும் பல வளவுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. திரும்பி வந்தவர்கள் ஆசை ஆசையாக வீடு கட்டுகிறார்கள். அதில் யாருக்கும் குறை சொல்ல உரிமையில்லை. ஆனால் மதிலோரம் வரை சீமெந்தும் இன்டர்லொக் கல்லும் பதிப்பது அவசியந்தானா? கூட்டுவது சுலபம் என்பது உண்மை. முற்றம் மூடப்பட்டால் மண்ணுக்குள் இருப்பது வெளியே வர வழியில்லை. வெளியே இருப்பதற்குக் கூடு தோண்ட இடமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. தீவில் நல்ல தண்ணீர் என்பது மழை நீர் மண்ணில் இறங்கி, சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதுதான். நிலத்தை மூடினால் கிணற்றுக்கும் அந்த மழை சேராது.

வாசலும் நடைபாதையும் சீமெந்தாக இருக்கட்டும். வெயில் படும் மூலையில் இரண்டு பாய் விரிக்கும் அளவு வெறும் மண்ணை விட்டுவையுங்கள். அதைக் கொத்த வேண்டாம், கறையான் மருந்து ஊற்ற வேண்டாம். துடைப்பத்தால் கூட்டுவதில் கேடில்லை. மூடிய வாசலை அவள் திறந்துகொள்வாள். கத்தரிக்கு மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், பூக்களில் நடமாட்டம் ஓய்ந்த பின்னேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். நெருஞ்சியை விட்டுவையுங்கள் என்று சொன்னால் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் தாய்மார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வேலியோரத்துத் தும்பையையாவது பிடுங்காதீர்கள்.

கொட்டு பற்றி ஒரு வார்த்தை. பலவகைப் பூச்சிகளிடம் கொட்டு வாங்கி, வலிக்கு 1 முதல் 4 வரை புள்ளி போட்டவர் ஜஸ்டின் ஷ்மிட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. வீட்டுத் தேனீக்கு 2 கொடுத்த அவர் வியர்வைத் தேனீக்குக் கொடுத்தது 1. பெண் மட்டுமே கொட்டும், அதுவும் நசுங்கினால்தான். சட்டைக் கையிலோ முக்காட்டின் மடிப்பிலோ அகப்பட்டுக்கொண்டால் அடிக்காமல் துணியை உதறிவிடுங்கள். கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்தால் போதும். மூச்சுத் திணறலோ, முகத்தில் வீக்கமோ, உடம்பெங்கும் தடிப்போ ஏற்பட்டால் மட்டும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்தத் தேனீயின் கொட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் மஃரிபுக்குச் சற்று முன் வேலியோரப் புற்களைப் பாருங்கள். சில இனங்களின் ஆண்களுக்கு வீடு கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் காய்ந்த புல்தண்டில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பற்றிக்கொண்டு, மணி கோத்தாற்போல அவை தூங்கும். ஆணுக்குக் கொடுக்கு இல்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாம்.