தோட்டத் தொழிலாளரும் உழைப்பின் ஊக்கமும்

அரச ஊழியரின் பணித்திறனை ஆராய்வோர் அலுவலகங்களையே நோக்குவர்; தோட்டங்களை நோக்குவது அரிது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெருந்தோட்டங்கள் பலவும் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்படும்வரை அங்கு உழைத்தோரும் அரசதுறைத் தொழிலாளரே.

எனினும், உடைமை மாறிற்றேயன்றித் தொழிலாளியின் நாள் மாறவில்லை. அலுவலகத்தார்க்கு மாதச் சம்பளம். தோட்டத்தார்க்கோ 'பேர்' விழுந்தாலே கூலி. மழை பெய்தால் றப்பர்த் தோட்டத்திலே பால்வெட்டு நிற்கும். தேயிலை மலையிலே கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பெண்ணின் சுமை இதனினும் பெரிது. விடியுமுன் சமைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறியவளை, மாலையில் லயத்தின் அடுப்பு மீண்டும் எதிர்கொண்டது. ஆணுக்கு நிகரான நாட்கூலியை அவள் பெற்றதே 1984இல்தான்.

லயமும் தோட்டத்துக்கே உரியது. ஆதலின் வேலையை விட்டவருக்கு வீடும் உறுதியன்று. இந்நிலையில் விளைச்சற் குறைவைத் தொழிலாளியின் சோம்பல் என்பது பொருந்துமா? ஊக்கம் என்பது கங்காணியின் அதட்டலால் பிறப்பதன்று. நிலையான வருமானமும், சொந்தக் காணியும் வீடும், ஆணும் பகிர்ந்துகொள்ளும் வீட்டுவேலையுமே அதன் வேர்கள் என நாம் கருதுகிறோம். நிருவாகம் மீண்டும் கைமாறிய பின்னரும் அவ்வேர்களுக்கு நீர் வார்க்கும் கடமை எஞ்சியே நிற்கின்றது.