மிஞ்சிய மோரை வீசிவிடாதீர்கள்

தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுக்கும் வீடுகளில் வெண்ணெய்க்குக் கிடைக்கும் மரியாதை மோருக்குக் கிடைப்பதில்லை. வெண்ணெயை உருக்கி நெய்யாக்கிப் போத்தலில் பத்திரப்படுத்துகிறோம். மோரில் ஒரு பங்கைத் தாளித்துக் குடிக்கிறோம். மீதி மறுநாள் புளித்து, அதற்கடுத்த நாள் வாழைமரத்தடிக்குப் போய்விடுகிறது.

2022 ஆம் ஆண்டில் ஒரு பைக்கற்று பால்மாவுக்காக எமது பெண்கள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த நாட்களுக்குப் பிறகு பாலில் ஒரு துளியை வீசவும் எனக்கு மனம் வருவதில்லை. விடிய முன் எழுந்து, மாட்டுக்குப் புல் தேடி, பால் கறந்து விற்கும் எத்தனையோ சகோதரிகளின் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

மோர் வெறும் புளித்த தண்ணீர் அல்ல. கடையும்போது தயிரிலுள்ள கொழுப்பின் பெரும் பங்குதான் வெண்ணெயாகத் திரண்டு போகிறது. புரதமும் கல்சியமும் பெரும்பாலும் மோரிலேயே தங்கிவிடுகின்றன. நீர் அதிகம் கலக்காத மோரில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 3 கிராம் புரதம் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்புக்கும் தசைக்கும் வேண்டியதைத்தான் நாம் வாழைக்கு ஊற்றுகிறோம். பிள்ளைகள் மோராகக் குடிக்க மறுத்தாலும் ரொட்டியாகவோ கேக்காகவோ கொடுத்தால் மறுப்பதில்லை.

குழம்பு திரையாமல் இருக்க

மோரை வீணாக்காத முதல் வழி மோர்க்குழம்பு. பலர் இதைச் செய்யத் தயங்குவதற்குக் காரணம், அடுப்பில் வைத்ததும் மோர் திரைந்து, நீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்து விடுவதுதான். புளிப்பினால் ஏற்கெனவே இறுகியிருக்கும் பாற்புரதம், கடும் சூடு பட்டதும் மேலும் சுருங்கி நீரை வெளியே தள்ளிவிடுகிறது. சிறிதளவு அரிசியை அரைத்துச் சேர்த்தால், அதிலுள்ள மாப்பொருள் புரதத்தை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்கும்.

அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, 3 பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி நற்சீரகம், ஒரு தேக்கரண்டி ஊறவைத்த பச்சையரிசி ஆகியவற்றைப் பசைபோல அரைத்து, 2 கோப்பை புளித்த மோரில் மஞ்சள் தூளுடன் கரையுங்கள். நீற்றுப்பூசணியையோ வெண்டிக்காயையோ உப்பிட்டு வேகவைத்து, அதில் இந்தக் கரைசலை ஊற்றி மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே இருங்கள். விளிம்பில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது. கடுகு, வெந்தயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சோற்றுக்கு வேறு கறி தேவையில்லை.

காலை உணவுக்கு

2 கோப்பை கோதுமை மாவில் உப்பு, அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, தண்ணீருக்குப் பதிலாக மோர் விட்டுப் பிசைந்து அரை மணித்தியாலம் மூடி வையுங்கள். பின் தட்டிச் சுட்டால் ரொட்டி மெதுமையாக இருக்கும். பாடசாலைக்குக் கட்டிக் கொடுத்தாலும் இலகுவில் இறுகாது.

உழுந்து ஊறப்போட மறந்த இரவுகளுக்கு ரவைத் தோசை கைகொடுக்கும். ஒரு கோப்பை ரவை, அரைக் கோப்பை அரிசி மா, ஒரு கோப்பை மோர் ஆகியவற்றைக் கலந்து 20 நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் சேர்த்து நீர்க்கக் கரைத்து வார்க்கலாம்.

கேக் செய்பவர்களுக்கு

மோரின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேரும்போது காபனீரொட்சைட்டு வாயு உண்டாகிறது. அந்த வாயுக் குமிழிகள்தான் கேக்கைப் பொங்க வைக்கின்றன. ஒரு கோப்பை புளித்த மோருக்கு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா போதும். கூடினால் சவர்க்காரச் சுவை வந்துவிடும். குமிழிகள் வெளியேறிவிடும் என்பதால் கலவையைக் கலந்தவுடனேயே சூட்டில் வைக்க வேண்டும்.

நான் செய்யும் சாதாரண கேக்கின் அளவு இது. 115 கிராம் பட்டரையும் 150 கிராம் சீனியையும் நன்றாக அடித்து, 2 முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். 190 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அரியுங்கள். மாவையும் 180 மில்லிலீற்றர் மோரையும் மாறி மாறிச் சேர்த்து, வனிலா விட்டு, மெதுவாகக் கலந்து 180 பாகை செல்சியசில் 35 முதல் 40 நிமிடம் வரை வேகவிடுங்கள். மோர் அறைச் சூட்டில் இருப்பது நல்லது.

போறணை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அடி தடித்த பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்து மூடி, மெல்லிய நெருப்பில் வேகவைக்கலாம். நேரம் சற்றுக் கூடும். ஈர்க்கினால் குத்திப் பார்த்து, மா ஒட்டாவிட்டால் இறக்கலாம்.

இன்னும் சில வழிகள்

வாழைப்பூ, வாழைத்தண்டு ஆகியவற்றை வெட்டியதும் மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. கோழி இறைச்சியை உப்பு, மிளகாய்த்தூள், மோர் சேர்த்து 4 மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்துப் பொரித்தால் மிருதுவாக இருக்கும். ஊறிய மோரை மறுபடி எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

வெயில் காலத்தில் மோர்மிளகாய் போடுங்கள். பச்சை மிளகாயை நுனியில் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவிட்டுப் பகலில் காயவையுங்கள். மாலையில் அதே மோரில் மீண்டும் போடுங்கள். மோர் வற்றும் வரை சில நாட்கள் இப்படிச் செய்து, பின் மிளகாய் நொறுங்கும் பதத்துக்குக் காயவைத்தால் பல மாதங்கள் இருக்கும். அயலில் விற்றுச் சிறு வருமானமும் தேடலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பின் காரணமாக அளவோடு உண்ண வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மோரைக் கண்ணாடி, மண் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வையுங்கள். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றைப் புளிப்பு அரிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் சில நாட்கள் இருக்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இன்னும் கூடிய நாட்கள் வைத்திருக்கலாம். உருகும்போது நீர் பிரிந்தாலும் கலக்கிவிட்டு ரொட்டிக்கும் கேக்குக்கும் சேர்க்கலாம்.

புளித்த மோர் வேறு, பழுதான மோர் வேறு. நல்ல மோரில் தெளிவான புளிப்பு மணம் இருக்கும். பூஞ்சணம், நிறமாற்றம், கசப்பு, வழுவழுப்பு, கெட்ட நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் சிக்கனம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். காய்ச்சாத பாலில் செய்த தயிரின் மோரைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது.

சகோதரிகளே, சிக்கனம் என்பது குறைத்து உண்பது அல்ல. கையில் இருப்பதன் பயனை முழுமையாகப் பெறுவது. அடுத்த முறை வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மோரை அளந்து பாருங்கள். அரைப் போத்தல் இருந்தாலும் மறுநாள் காலை உணவுக்கு மாப் பிசைய அது போதும்.