மழைக்கு ஒதுங்கிய இருவர்

1968 பிப்ரவரி 1. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் நல்ல மழை. குப்பை லாரியில் வந்த எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவருக்கும் ஒதுங்க இடமில்லை. வெள்ளையர் வீட்டுத் திண்ணையில் கறுப்பர் போய் நிற்க முடியாத காலம் அது. லாரியின் பின்பக்கம், குப்பை விழும் பெட்டிக்குள்ளேயே ஏறிக்கொண்டார்கள். நசுக்கும் இயந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கியது. இருவரும் உள்ளேயே நசுங்கிச் செத்தார்கள். மணிக்கூலிக்காரர்கள் என்பதால் சட்டப்படியான நஷ்டஈடும் கிடையாது.

அன்றெல்லாம் வீடுகளின் கொல்லைப்புறம் வரை போய்த்தான் குப்பை எடுக்க வேண்டும். தொட்டியைத் தலையில் தூக்கினால் ஓட்டை வழியே அழுகல் நீர் கழுத்தில் இறங்கும், கூடவே புழுவும். மழை நாளில் கறுப்பர்களை வீட்டுக்கு அனுப்பிக் கூலியை வெட்டுவார்கள். வெள்ளை மேற்பார்வையாளருக்கு முழுச் சம்பளம். தலை நரைத்தவரையும் 'டேய் பையா' என்கிற தோரணையில்தான் கூப்பிடுவார்கள்.

பிப்ரவரி 12 அன்று குப்பை அள்ளும் தொழிலாளர்கள் சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. பிறகு அவர்கள் ஏந்திய அட்டையில் 'நான் ஒரு மனிதன்' என்று மட்டும் இருந்தது. இதைவிடக் கனமான கோரிக்கை எனக்குத் தெரிந்து எந்தப் போராட்டத்திலும் எழுதப்படவில்லை. மேயர் ஹென்றி லோப் அவர்களுடைய தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தார். மார்ட்டின் லூதர் கிங் துணைக்கு வந்தார். ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் விடுதி மாடியில் சுடப்பட்டார். 12 நாள் கழித்துத்தான் நகராட்சி இறங்கிவந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், மணிக்கு 15 சென்ட் உயர்வு, அதுவும் இரண்டு தவணையாக.

இன்று அந்த விடுதி, குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகம். கிங் நின்ற மாடியைப் பார்க்க உலகமே வருகிறது. குப்பை அள்ளுகிறவர்களின் கூலிக்காக அவர் அந்த ஊருக்கு வந்தார் என்பதையும் வருகிறவர்கள் மனதில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. அன்றைய ஏற்பாட்டில் அந்தத் தொழிலாளர்களுக்கு நகராட்சி ஓய்வூதியம் இல்லாமல் போயிற்று. அதனால் போராடியவர்களில் சிலர் எண்பது வயதை ஒட்டியும் லாரி ஏறினார்கள். 2017-இல்தான், உயிரோடு மிஞ்சியவர்களுக்கு நகராட்சி ஆளுக்கு 50,000 டாலர் அறிவித்தது.

ஊர்வலம் நாள்தோறும் புறப்பட்ட கிளேபார்ன் தேவாலயம் 2025 ஏப்ரலில் தீக்கு இரையானது. பக்கத்துத் திடலில், 2018-இல் எழுப்பிய சுவரில், வேலைநிறுத்தம் செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன.